அரை நொடி முந்திய முஞ்சேயண்ணா

உலகத்தில் எல்லாருக்கும் கடிகாரம் ஒரே மாதிரி ஓடுகிறது என்று நம்புகிறவர்கள், முஞ்சேயண்ணாவோடு ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். சாம்பார் வாளி பக்கத்து மேஜையில் இருக்கும்போதே "போதுங்க" என்று கையால் மறித்துவிடுவார். போதும் என்றவருக்கு எதற்கு என்று பரிமாறுகிறவர் தாண்டிப் போய்விடுவார். அப்புறம் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவமாக இருக்கும். என் சாம்பாரில் பாதியை அவருக்குத் தள்ளலாம் என்று நான் நினைப்பேன். கிண்ணத்தில் நான் கை வைப்பதற்குள் "தேங்க்ஸ் அம்மிணி" என்று சொல்லியிருப்பார்.

கன்னடத்தில் முஞ்சே என்றால் 'முன்னாலேயே' என்று அர்த்தம். எங்கள் மேனேஜர் நஞ்சப்பா வைத்த பெயர் அது. ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்றும் அண்ணாவுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மைசூர் விஜயநகரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வேலை, வீடியோ கேம் டெஸ்டிங். யாரோ செய்து அனுப்பும் கேமை விளையாடி, எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களிடம் சொன்னால் "விளையாடுறதுக்குச் சம்பளமா?" என்று வாயைப் பிளப்பார்கள். ஒரே கதவை வாரம் முழுக்கத் திறந்து மூடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த விளையாட்டின் அருமை தெரியும். மற்றவர்கள் கண்டுபிடித்ததைக் கொஞ்சம் நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது என் வேலை. என் பக்கத்து நாற்காலி அண்ணாவுடையது.

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. எங்களை வாங்கியவர்கள்தான் அவரை இப்படி ஆக்கினார்கள்.

முதலில் எங்கள் சின்னக் கம்பெனியை பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாங்கியது. அதை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியது. அதை இன்னொரு பெரிய கம்பெனி விழுங்கியது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், என் கைப்பேசி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை விலை போனபோதும் எங்களுக்கு ஒரு டீ-சர்ட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பட்டையின் நிறம் மாறியது. உடைந்த கைப்பிடியோடு என் நாற்காலி மட்டும் எல்லா முதலாளிகளையும் பார்த்துவிட்டது.

கடைசி முதலாளி வந்ததும் மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனி எல்லாம் கிளவுட் என்றார்கள். எங்கேயோ கண்காணாத ஊரில் ஒரு பெரிய கொட்டகையில் கேம் ஓடும், எங்களுக்குப் படம் மட்டும் கம்பி வழியாக வரும். நாளைக்கு உலகத்தில் யாரும் கேம் பெட்டி வாங்க வேண்டியதில்லை, டிவி பார்ப்பதுபோலச் சந்தா கட்டிவிட்டு விளையாடலாம் என்று நஞ்சப்பா எங்களுக்கு விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் அவர் காட்டிய படம் மூன்று முறை நின்றுவிட்டது. எங்கள் இன்டர்நெட் லைனின் லட்சணம் அது.

அப்போது எங்கள் கையில் இருந்த கேமில், ஒரு பெண் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையில் பள்ளம் பள்ளமாகத் தாண்டிப் போக வேண்டும். பட்டனை அழுத்தினால் அவள் உடனே குதிக்க மாட்டாள். செய்தி கொட்டகைக்குப் போய்த் திரும்பி வர அரை நொடி ஆகும். அதற்குள் அவள் ஆட்டோடு பள்ளத்தில் இருப்பாள். நாங்கள் எல்லாரும் புகார் எழுதினோம். முஞ்சேயண்ணா எழுதவில்லை. பள்ளம் வருவதற்கு அரை நொடி முன்பே அழுத்தப் பழகிக்கொண்டார். அலுவலகத்திலேயே ஆடு உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தது அவர் கையில் மட்டும்தான்.

அந்தப் பழக்கத்தை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அது கூடவே வீட்டுக்கும் வந்தது. பச்சை விளக்கு மஞ்சளாகும் என்று யூகித்து ஸ்கூட்டரை நிறுத்துவார், பின்னால் ஆட்டோக்காரர்கள் அவர் வம்சத்தையே விசாரிப்பார்கள். சர்ச்சில் பாதிரியார் ஜெபத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் போதும், "ஆமென்" என்று தனிக்குரலில் ஒன்று வரும். பாதிரியாரும் இதற்குமேல் என்ன இருக்கிறது என்று முடித்துவிடுவார். ஜெபம் சுருங்கியதில் ஊருக்குச் சந்தோஷம்தான்.

எங்களோடு வேலை பார்த்த சஹானாவின் கல்யாணத்தில்தான் அது எல்லை மீறியது. முதல் வரிசையில் அட்சதையோடு நின்றவர், புரோகிதர் தாலித் தட்டைத் தொட்டதுமே வீசிவிட்டார். அரிசி பறந்ததைப் பார்த்துப் பின்வரிசைகளும் வீசின. அரிசி விழுந்ததைப் பார்த்து மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார். கெட்டிமேளத்தைக் கேட்ட மாப்பிள்ளை பதறிப்போய்த் தட்டிலிருந்த தாலியைப் பாய்ந்து எடுத்துக் கட்டிவிட்டார். முகூர்த்தம் அதற்கப்புறம் சாவகாசமாக வந்து சேர்ந்தது. புரோகிதர் சாப்பிடாமலே போய்விட்டார். சஹானாவும் அவள் கணவரும் இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறார்கள்.

எனக்கு மட்டும் ஒரு தனி வருத்தம் இருந்தது. நான் ஜோக் சொல்கிற ஜாதி. விஷயம் கடைசி வரியில்தான் இருக்கும். அந்த வரிக்கு நான் வாயைத் திறக்கும்போதே அண்ணா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். சுற்றி இருப்பவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் கடைசி வரி கேட்பாரில்லாமல் கிடக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மைசூர் அலுவலகத்தை ஹைதராபாத்தோடு சேர்த்துவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். சாதாரண ஊரிலிருந்து கிளவுடில் ஒழுங்காக விளையாட முடிகிறதா என்று முதலாளிகள் நேரலையில் பார்ப்பார்களாம், பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

எங்களுக்கெல்லாம் கவலைதான். ஆனால் அண்ணாவுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. அவர் மனைவி எஸ்தரக்கா மலைப்பக்கம் கௌதள்ளி என்ற ஊரில் அரசாங்க நர்ஸ். அண்ணா வாரம் முழுக்க மைசூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை கொள்ளேகால் பஸ் பிடித்து, ஹனூர் வழியாக வீட்டுக்குப் போவார். ஹைதராபாத் போனால் அந்தச் சனிக்கிழமையும் போய்விடும். "நாளைக் கணக்குப் பண்ணி மாசத்துக்கு ஒருக்கா பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கறது ஒரு பொழப்பாங் அம்மிணி?" என்றார். அன்று மட்டும் அவர் எதையும் முந்திச் செய்யவில்லை.

முதலாளிகள் முன்னால் விளையாடப் போவது யார் என்ற பேச்சே எழவில்லை. அண்ணாவை விட்டால் ஆள் ஏது?

அந்த நாள் வந்தது. பெரிய திரையில் ஏழெட்டு முதலாளிகள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணா புதுச் சட்டை போட்டிருந்தார். அந்தப் பெண் ஓடினாள், பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே குதித்தாள், பள்ளத்தின் நட்ட நடுவில் விழுந்தாள். ஆடு கத்தியது. மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். ஒரு முதலாளி நெற்றியைத் தடவினார். இன்னொருவர் தன் காமிராவை அணைத்துக்கொண்டார்.

"அம்மிணி, இவளுக்கு என்னமோ ஆயிப்போச்சு. நான் சொன்னதுமே குதிச்சுப்போடறா" என்று அண்ணா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நஞ்சப்பா நல்லெண்ணத்தில் அன்று காலைதான் ஒரு புது லைன் போட்டிருந்தார். தாமதமே இல்லாத, அருமையான லைன். அழுத்தினால் உடனே குதிக்கிறாள். அண்ணா அரை நொடி முன்னால் இருக்கிறார்.

நஞ்சப்பாவை மூலைக்கு இழுத்துப் புது லைனின் பாஸ்வேர்டைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்குள் ஆடு இன்னொரு முறை கத்தவே, எழுதிக் கொடுத்துவிட்டார். லைனை மந்தமாக்குவதற்காக அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் கைப்பேசியை எடுத்து ஆளுக்கொரு படத்தை ஓடவிட்டோம். போதவில்லை. கீழே பேக்கரிக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். இனாமாக வந்த வைஃபையை அவர் தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வாரி வழங்கினார். தில்பசந்த் ரொட்டி வாங்க வந்தவர்கள்கூட நின்று கிரிக்கெட் பார்த்தார்கள்.

லைன் மூச்சுத் திணறியது. முதலாளிகளின் முகங்கள் புள்ளி புள்ளியாகக் கலைந்தன. பள்ளத்தின் விளிம்பில் அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி, சரியாகத் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். அண்ணா முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஆட்டைக் கொண்டுபோய் அவர் ஊரில் சேர்த்தபோது நஞ்சப்பா கண் கலங்கி நின்றார்.

இவ்வளவு மோசமான லைனிலா இப்படி விளையாடுகிறார் என்று ஒரு முதலாளியம்மா கேட்டார். இதைவிட மோசமாகவும் இருக்கும் என்று நஞ்சப்பா பெருமையாகச் சொன்னார்.

சில நாளில் பதில் வந்தது. ஹைதராபாத் வேண்டாம், யாருக்கும் வேலை போகாது. இந்த லைனிலேயே விளையாட முடிகிறதென்றால் இவர்களுக்குத் தனியாக அலுவலகம் எதற்கு, அவரவர் வீட்டிலிருந்தே செய்யட்டும் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் காப்பாற்றிய அழகில் அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. அண்ணாவுக்கோ சனிக்கிழமை போய், வாரம் முழுக்கக் கௌதள்ளி கிடைத்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாளே எல்லாரிடமும் கைகொடுத்து விடைபெற்றுவிட்டார். மறுநாளும் வேலைக்கு வந்தாக வேண்டியிருந்தது. விடைபெற்றவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் எல்லாரும் நெளிந்தோம். சாயங்காலம் அவர் காலி நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளியபோது அழக் கூடாது என்று நினைத்துத் திரும்பினேன். கைக்குட்டையை ஏற்கெனவே நீட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறையாவது வீடியோவில் பேசிக்கொள்கிறோம். கௌதள்ளியில் மொட்டைமாடியில் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்குமாம். அதுவும் தட்டுத்தடுமாறித்தான் வரும். "ஊசி குத்தறதுக்கு முன்னாலயே கத்தறாரு கண்ணு, ஆஸ்பத்திரியில மானம் போகுது" என்று எஸ்தரக்கா பின்னாலிருந்து சொல்வார்.

போன வாரம் பழைய ஞாபகத்தில் அவருக்கு ஒரு ஜோக் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லி முடித்தேன். முடித்த அதே கணத்தில், இம்மி பிசகாமல், அவர் சிரிப்பு வந்து சேர்ந்தது. அவர் வழக்கம்போல முந்தித்தான் சிரித்திருக்கிறார். மலை தாண்டி வருவதற்குள் அது சரியாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒருநாளும் சேர்ந்து சிரிக்க வாய்க்காத நாங்கள் இரண்டு பேரும் அன்றுதான் சேர்ந்து சிரித்தோம். யாராவது புண்ணியவான் கௌதள்ளிப் பக்கம் நல்ல லைன் போட நினைத்தால், தயவுசெய்து அந்த ஒரு மொட்டைமாடியை மட்டும் விட்டுவிடுங்கள்.