ஆணையத்தின் முன் தும்பிக்கை இல்லாத யானை

நான் வாயாடி. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறவளுக்கு வாய் இல்லையென்றால் கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் என் மானம் கப்பலேறிய அந்த ஒரு நாளில் என்னைக் காட்டிக்கொடுத்தது வாய் அல்ல, கை. (வாயும் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டது. ஆனால் ஆரம்பித்தது கைதான்.)

பட்டுச்சேலையை விரித்துக் காட்டுவது ஒரு வித்தை. பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயதிலேயே அப்பா எனக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினால் முந்தி பளபளவென்று வாங்க வந்தவர் மடியில் போய் விழ வேண்டும். சேலையில் எங்காவது இழை தப்பியிருந்தால் அந்த மடிப்பு மட்டும் நம் உள்ளங்கைக்கு அடியிலேயே இருக்க வேண்டும். இது ஏமாற்று வேலை இல்லை என்பார் அப்பா. கேட்டால் சொல்லிவிடுவோம். கேட்கிறவரைக்கும் மடிப்பும் சொல்லாது, நாமும் சொல்ல மாட்டோம். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு முட்டி வலி வந்து உட்கார்ந்த பிறகு வியாபாரம் என்னிடம் வந்தது. முள்ளிப்பட்டில் ஒரே தெருவில் உள்ள சில வீட்டுத் தறிகளுக்கு நான் பட்டும் ஜரிகையும் கொடுக்கிறேன். அவர்கள் நெய்து தருகிறார்கள், நான் கூலி கொடுக்கிறேன். காலத்துக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும் என்று கடனை உடனை வாங்கி எல்லாத் தறிகளுக்கும் மேலே கம்ப்யூட்டர் ஜக்கார்டு பெட்டி வைத்தேன். மிதிப்பதும் நெய்வதும் ஆள்தான். எந்த இழையைத் தூக்கினால் யானை வரும், எதைத் தூக்கினால் பூ வரும் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அருமையான பெட்டி. ஒரே ஒரு குறை, அதற்குக் கரண்ட் வேண்டும்.

அந்தத் தெருவின் டிரான்ஸ்பார்மர் எந்தக் காலத்திலோ நாலு குண்டு பல்புக்கு வைத்தது. இப்போது வீட்டுக்கு வீடு ஏசி, மோட்டார், கிரைண்டர். கரண்ட் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது கண்ணடிக்கும். ஒரு நொடி போய் மறு நொடி வந்தால் பெட்டி எங்கே விட்டோம் என்பதை மறந்துவிட்டு, நாலு வரிசை தாண்டி ஆரம்பிக்கும். (இன்வெர்ட்டர் வைக்கக்கூடாதா என்பீர்கள். வைத்தோம். அது சார்ஜ் ஏறவும் கரண்ட் வேண்டுமே, தாயே.) அப்படி ஒரு நாள் பார்டரில் ஓடிக்கொண்டிருந்த யானை வரிசையில் ஒரு யானைக்குத் தும்பிக்கையே இல்லாமல் போய்விட்டது. தும்பிக்கை போன யானை எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நல்ல குடும்பத்துப் பன்றி மாதிரி இருக்கும்.

அந்தச் சேலையை நெய்தவர் தேவகி அக்கா. என்னிடம் நெய்கிறவர்களிலேயே கைப்பக்குவம் உள்ளவர். எனக்கு வரும் கல்யாண ஆர்டர்களில் பாதி அவரை நம்பித்தான். சேலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கோபமே இல்லாமல் சொன்னார்.

"அடுத்த மாசம் நான் ஷூ கம்பெனிக்குப் போவப்போறேம்மா. பஸ்சு வாசலுக்கே வருது. பொண்ணுக்கு வேற மாப்ள பாத்துகினு இருக்கோம். அங்கல்லாம் கரண்ட் போனா சம்பளத்துல புடிக்க மாட்டாங்க."

தேவகி அக்கா போனால் மற்றத் தறிக்காரர்களும் பின்னாலேயே பஸ் ஏறிவிடுவார்கள். அந்தப் பயத்தில் அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் பொறுங்கள், கரண்டுக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். (கரண்ட் என்னமோ எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற மாதிரி.)

என் வீட்டுக்காரர் பாஸ்கர் தேசூர் பக்கம் அறிவியல் வாத்தியார். பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிற ஜாதி. மின்கட்டணத்தை முறைப்படுத்துகிற ஆணையம் வேலூரில் மக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறது என்று கண்டுபிடித்தது அவர்தான். புது இணைப்புக்கும் கூடுதல் லோடுக்கும் மீட்டருக்கும் வாங்கும் கட்டணங்களை உயர்த்தக் கரண்ட் ஆபீஸ்காரர்கள் மனு போட்டிருக்கிறார்களாம். அதே ஆணையம் சேவைத் தரம் என்று ஒன்றும் வகுத்து வைத்திருக்கிறதாம். பியூஸ் போனால் எத்தனை நேரத்துக்குள் வந்து போட வேண்டும், வோல்டேஜ் குறைந்தால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் நமக்கு என்ன ஈடு தர வேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கிறதாம். எனக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். கட்டணம் ஏறுவது மட்டும் நமக்கு எப்படியோ உடனே தெரிந்துவிடுகிறது.

"நீ போய்ப் பேசு. காசு ஏத்தறதுக்கு முன்னாடி தரத்தைக் காட்டுங்கன்னு கேளு. கையில ஆதாரம் இருக்குல்ல" என்றார் பாஸ்கர்.

ஆதாரம் இருந்தது. யானைச் சேலை. ஆளுக்கு மூன்று நிமிடம்தான் என்பதால் ஒரு வாரம் பிரிட்ஜைத் தலைவராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். பிரிட்ஜ் ஒரு நாளும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அன்று காலை தேவகி அக்காவையும் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். கரண்டுக்காக நான் படும் பாட்டை நேரில் பார்க்கட்டும் என்று அவருக்கு ஒரு சீட்டும் சேலைக்கு ஒரு சீட்டும் பிடித்தேன். போய்ப் பார்த்தால் கூட்டம் நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தில். அங்கேதான் என் விதி சிரித்தது. ஏசி, வரிசையாக நாற்காலி, மேடை, மேடையில் பூங்கொத்து, மாப்பிள்ளை பெண் உட்காருகிற இடத்தில் ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும். தலைவர் ஒரு அம்மா. காட்டன் சேலைதான், ஆனால் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்தவுடனே என் வியாபாரக் கண் சொல்லிவிட்டது, இவர் சேலை தெரிந்தவர். அந்த இடத்திலேயே நான் ஆணையத்துக்கு வந்ததைப் பாதி மறந்திருக்க வேண்டும்.

எனக்கு முன்னால் விவசாயிகள், ரைஸ் மில்காரர்கள், ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எல்லாம் வெளுத்து வாங்கினார்கள். முன்வரிசையில் கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர்கள் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். ஒத்திகை பார்த்த மாதிரியே கணீரென்று ஆரம்பித்தேன். கட்டணத்தைப் பற்றிச் சொன்னேன், சேவைத் தரத்தைப் பற்றிச் சொன்னேன். தலைவர் அம்மா ஆர்வமாகக் குனிந்து, கரண்ட் போவதால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று காட்ட முடியுமா என்றார். இந்தக் கேள்விக்காகத்தானே வந்திருக்கிறேன். சேலையை எடுத்தேன்.

அடுத்து நடந்தது என் வேலை இல்லை, கையின் வேலை. மணிக்கட்டு சுழன்றது. முந்தி காற்றில் எழும்பி, தண்ணீர் பாட்டில்களைத் தாண்டி, தலைவர் அம்மாவின் மேசைமேல் பளபளவென்று போய் இறங்கியது. மண்டபமே ஒரு நொடி வாயைப் பிளந்தது. தும்பிக்கை இல்லாத யானை என் உள்ளங்கைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

"அழகா இருக்கே" என்றார் தலைவர் அம்மா.

"தொட்டுப் பாருங்க மேடம், சுத்தப் பட்டு" என்றேன். (அடிப் பாவி. அதற்கா போனாய்?)

தொட்டுப் பார்த்தார். "இதுல என்ன குறை?"

"குறையா? எங்க தறியில அந்தப் பேச்சுக்கே எடமில்ல மேடம்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. முன்வரிசையில் ஒரு இன்ஜினியர் மெதுவாக எழுந்து, புகார் சொல்ல வந்தவரே சேதம் எதுவும் இல்லை என்று சொல்லியிருப்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஓரத்தில் இருந்த சுருக்கெழுத்துக்காரர் பதிவும் செய்தார். நான் பதறிப்போய் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தேன். பதற்றத்தில் மனுஷிக்குத் தெரிந்த வேலைதானே வரும். "உங்களுக்குன்னா வெலையில கொறச்சித் தரேன் மேடம்" என்றேன்.

மேடையோரம் நின்ற செயலாளர் ஓடியே வந்துவிட்டார். விசாரணை நடத்துகிறவர்களிடம் சலுகை விலை பேசினால் அதற்கு வேறு பெயர் என்று என் காதருகில் சொன்னார். பின்வரிசை விவசாயிகள் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போகத் தயாராக நின்றேன். வேலூர் பூமி கெட்டி, பிளக்கவில்லை.

தலைவர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சேலை தெரிந்தவர் என்றேனே, அவர் நல்ல சேலைக்காரி செய்வதைச் செய்தார். முந்தியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே என் கைவரைக்கும் வந்து, கையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"இது என்ன?"

"யானை மேடம்."

"தும்பிக்கை எங்க?"

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியம். ஆனால் வந்தது வேறு.

"புது டிசைன் மேடம்."

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. தேவகி அக்கா எழுந்து நின்றிருந்தார். மைக் இல்லை, தேவைப்படவும் இல்லை.

"புது டிசைனும் இல்ல ஒண்ணும் இல்ல மேடம். நான் நெய்ஞ்சிகினு இருக்கும்போதே கரண்ட் பூடுச்சி. எங்கூலியில புடிக்கறப்போ மட்டும் டேமேஜின்றாங்க, உங்ககிட்ட வந்து டிசைன்றாங்க. எதுனா ஒண்ணு சொல்லச் சொல்லுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சுரீரென்றது. ஆமாம், பிடித்திருந்தேன். அந்தச் சேலைக்கு மட்டுமல்ல, கரண்ட் கண்ணடித்துக் கெட்ட ஒவ்வொரு சேலைக்கும் பிடித்திருந்தேன். அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம், டேமேஜ் என்றால் கூலியில் பிடித்தம். தறி பிசகினாலும் சரி, கரண்ட் பிசகினாலும் சரி, எனக்கு வித்தியாசமே தோன்றியதில்லை. தரம் தவறினால் எனக்கு ஈடு வேண்டும் என்று ஊர் தாண்டி வந்து கேட்கிறவள், அந்தத் தவறுக்கு உள்ளூரில் யாரிடம் வசூல் செய்துகொண்டிருந்தேன் என்று அந்த மண்டபத்தில்தான் உறைத்தது. அந்த வெட்கத்துக்கு முன்னால் சலுகை விலை வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அவங்க சொல்றதுதான் நெஜம் மேடம். டேமேஜிதான். கட்டணம் ஏத்தினா கட்டறோம், ஆனா கரண்ட் கண்ணடிக்காம வரணும். அது வரலன்னா கடைசியில இவங்க வயித்துலதான் வந்து விடியுது" என்றேன். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். தலைவர் அம்மா அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டு, வோல்டேஜ் புகார் வந்தால் விதி என்ன சொல்கிறது என்று வாசிக்கச் சொன்னார். அவரும் நல்ல மனுஷர், ஒளிக்காமல் வாசித்தார். அந்தத் தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வரிசையில் இருப்பதாகவும் சொன்னார். எப்போது என்று கேட்டார் தலைவர் அம்மா. அந்தக் கேள்வியும் பதிவானது.

திரும்பும் பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன். இனிமேல் கரண்டால் வருகிற டேமேஜுக்கு உங்கள் கூலியில் கை வைக்க மாட்டேன், பிடித்ததையும் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். தேவகி அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதை அந்த மேடம் முன்னாடி சொல்லியிருந்தா எழுதிகினு இருப்பாங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் பாஸ்கர் கட்டிலில் உருண்டு சிரித்தார். அப்பா மட்டும் கவலையோடு, கடைசியில் அந்த அம்மா எவ்வளவுக்குக் கேட்டார் என்று விசாரித்தார்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னாலேயே புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. என் பேச்சால் வந்ததா, வரிசைப்படி வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த இன்ஜினியரே நேரில் வந்து நின்று மாட்டவைத்தார். போகும்போது மனைவிக்கு ஒரு சேலை எடுத்தார். எல்லா மடிப்பையும் பிரித்துக் காட்டுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிரித்துக் காட்டினேன். இப்போதும் எப்போதாவது கரண்ட் கண்ணடிக்கத்தான் செய்கிறது. ஆனால் போன் செய்தால் லைன்மேன் சொன்ன நேரத்துக்கு வருகிறார். தேவகி அக்கா ஷூ கம்பெனி பஸ்சில் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் தோசை கருகினால் புது டிசைன், பாஸ்கர் சட்டையை இஸ்திரி போட்டுச் சுட்டால் புது டிசைன்.

போன தை மாதம் தேவகி அக்கா மகளுக்குக் கல்யாணம். யானைச் சேலையை விற்கவே மனம் வராமல் அவருக்கே கொடுத்திருந்தேன். அன்று அதைத்தான் கட்டியிருந்தார். தும்பிக்கை இல்லாத யானை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்கொசுவத்தில் நடுநாயகமாக நின்றது. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்த யானை என்ன இப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவகி அக்கா என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"புது டிசைனுங்க" என்றார்.

என் கை தானாக நீண்டது, அந்த மடிப்பை உள்ளே தள்ள. தேவகி அக்கா அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.