‘வந்துச்சா’ அண்ணனும் நீல டிக்கும்

செல்போனைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் ‘வந்துச்சா’ அண்ணனை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால், அந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போயிருப்பார்கள்.

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் எனக்குக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலை. நான் அடித்ததை வாடிக்கையாளருக்கு அனுப்பி, ‘சரி’ என்று வாங்கி வருவது அண்ணனின் வேலை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் உண்டு. அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

அச்சுக்குமுன் சரிபார்க்கும் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இரண்டு டிக் விழும். இரண்டும் நீலமாகும். உடனே போன் போடுவார். “அனுப்பியிருக்கேன், வந்துச்சா?” அந்தப் பக்கம் வந்துவிட்டது என்பார்கள். “சரி, இருங்க, வந்துர்றேன்” என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “வந்துச்சா?” என்பார்.

“நீல டிக் விழுந்தா பாத்துட்டாகன்னுதானேண்ணே அர்த்தம்?” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“ஏத்தா, டிக்கை யாரு போட்டது? போனு போட்டுச்சு. பாக்க வேண்டியது மனுசன்ல?”

இவர் ஏதோ பழைய காலத்து ஆள், புதுசைக் கண்டால் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அச்சகத்துக்கு எந்த மிஷின் வந்தாலும் முதலில் அக்குவேறு ஆணிவேறாக அலசிப் பழகிக்கொள்பவர் அவர்தான். கடைசிவரை அதை நம்பாதவரும் அவர்தான். தபால் காலத்தில் ஒரு கடிதம் போட்டுவிட்டு, அது வந்ததா என்று கேட்டு இன்னொரு கார்டு போடுவாராம். போன் வந்தபோது, பேசி முடித்த கையோடு ‘இப்போது நாம் பேசினோம்’ என்று கடிதம் எழுதினாராம். ஃபேக்ஸ் அனுப்பினால் போனில் கூப்பிட்டு, அதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். இதையெல்லாம் முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

“புதுசு சின்னப் புள்ள மாதிரித்தா. தனியா அனுப்பக்கூடாது. கூடவே பெருசு ஒண்ணு போகணும்” என்பது அண்ணனின் விளக்கம். தொழில்நுட்பம் வளர்ந்தால் வேலை குறையும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எங்கள் அச்சகத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கடிதம், ஒரு கார்டில் முடிந்த விஷயத்துக்கு இப்போது ஒரு மெசேஜ், ஒரு போன், அரை லிட்டர் பெட்ரோல் செலவானது.

சிரித்துக்கொண்டே இருந்த என் வாயை அடைத்தது ஒரு கண்டரமாணிக்கத்துக் கல்யாணம். நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளை எந்தக் கோயில், பெண் எந்தக் கோயில் என்று போட வேண்டும். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். நான் அவசரத்தில் ஒரு பக்கத்து வரியைக் காப்பி எடுத்து இன்னொரு பக்கத்தில் ஒட்டிவிட்டேன். புரூஃப் போயிற்று, நீல டிக் விழுந்தது, சரி என்று கட்டைவிரல் படமும் வந்தது. நான் அச்சுக்குக் கொடுக்கப் போனேன். அண்ணன் விடவில்லை. கண்டரமாணிக்கத்துக்கே போய், பெண்ணைப் பெற்ற ஆச்சியை உட்காரவைத்து, வரிவரியாகச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆச்சி பாதியில் அலறினார்களாம். “அடப்பாவிகளா, அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் பண்ணி வைக்கிறீக!”

திரும்பி வந்தவர் முதலாளியிடம், “ஒரு எழுத்து மாறிருச்சு, திருத்தியாச்சு” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. வேலை தப்பியது. அதற்குப் பிறகு நான் நீல டிக்கைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் முடிவானது. இருபது நாள் இருக்கும்போது கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டார். எங்கே போகும்போது என்கிறீர்கள்? ‘நாளை நேரில் வருகிறேன்’ என்று ஒருவருக்கு அனுப்பிய மெசேஜ் வந்ததா என்று நேரில் கேட்கப் போகும்போது. மாவுக்கட்டைப் போட்ட டாக்டர், ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு நான் பாட்டும் பூமாரியுமாக ஒரு வீடியோ பத்திரிகை செய்து கொடுத்தேன். படுத்தபடியே எல்லாருக்கும் அனுப்பினார். அத்தனையும் நீலமானது. நான் பார்க்கப் போனபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எல்லாரும் கும்பிடு போட்டுருக்காக. இதே கும்பிடைத்தேன் போன வாரம் எழவுச் சேதிக்கும் போட்டாக. வாராகளா, வருத்தப்படுறாகளா, ஒண்ணும் வெளங்கலையே!”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் தட்டோடு நேரில் வந்து கூப்பிடாத கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதுதான் மரியாதை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ் நிறைய வருகிறார்கள். பெண் வீட்டுப் பக்கம் யார் வருவார்கள்?

“எம்புள்ள மேடையிலருந்து பாக்குறப்ப வெறும் நாற்காலியாத் தெரியக்கூடாதுத்தா” என்றார். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“நான் மட்டும் போயிக் கூப்பிடுறேன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. புருசன் பொண்டாட்டியாப் போகணுமாம்” என்றார் மதினி.

“வீடியோ கால்ல வாங்கண்ணே. மதினி தட்டோட போகட்டும், நான் ஸ்கூட்டியில கூட்டிப்போறேன்” என்றேன்.

“அது நான் வந்ததா ஆகுமா?” என்று இழுத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். போனைக் கையில் பிடிக்கக் கூடாது. வெற்றிலை பாக்கு, தேங்காய், குங்குமத்தோடு தட்டில்தான் வைக்க வேண்டும். கையில் இருந்தால் அது போனாம். தட்டில் இருந்தால் அவராம்.

மறுநாள் காலையில் புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கிளம்பினோம். முதல் வீட்டில் போனுக்கு நாற்காலி போட்டார்கள். இரண்டாவது வீட்டில் போனுக்கு முன்னால் காப்பியை வைத்து, “ஆறிரப் போகுது, குடிங்க” என்று பழக்கதோஷத்தில் உபசரித்தார்கள். இன்னொரு வீட்டில் குங்குமம் எடுத்த விரல் தட்டில் இருந்த அண்ணன் முகத்திலேயே பட்டு, அதற்கப்புறம் நாலு வீட்டுக்குச் சிவந்த மூக்கோடுதான் வந்தார். மளிகைக்கடை பாய், “கால் ஒடிஞ்சது நெசந்தானா? காட்டும், பாப்போம்” என்றார். அண்ணன் கேமராவைத் திருப்பிக் கட்டைக் காட்டினார். பாய் சமாதானமானதைப் பார்த்ததும், கேட்காத வீடுகளிலும் காலைக் காட்டத் தொடங்கிவிட்டார்.

“ஆத்தா, இந்த மனுசனைக் கொஞ்சம் பேசாம வைக்க இதுல பட்டன் எதும் இருக்கா?” என்று மதினி கேட்டார். இருக்கிறது என்று காட்டினேன். இருபத்தாறு வருஷ இல்லறத்தில் மதினி முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அண்ணன் அன்றைக்குத்தான் பார்த்தாராம், வீட்டில் அவர் பக்கத்தில் இருந்த மகளே பிறகு சொன்னாள். மதியம் சார்ஜ் இறங்கிவிட்டது. ஒரு வீட்டில் அண்ணனுக்குச் சார்ஜ் ஏறும்வரை நாங்கள் பணியாரம் சாப்பிட்டோம்.

கடைசியாகக் கானாடுகாத்தான் போகச் சொன்னார். அங்கே ஒரு பெரிய வீடு. அவர் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைத்த வீடாம். இப்போது குடும்பமே மலேசியாவில். கதவில் பூட்டு.

“அவுகளுக்குத்தேன் வாட்ஸ்அப்புல சொல்லியாச்சேண்ணே.”

“அவுகளுக்குச் சொல்லியாச்சு. வீட்டுக்குச் சொல்லலையே.”

பூட்டிய கதவுக்கு முன்னால் மதினி தட்டை ஏந்தி நின்றார். “மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அவசியம் வந்துரணும்” என்று தட்டுக்குள்ளிருந்து அண்ணன் கதவிடம் சொன்னார். வீட்டுக்குக் காவல் இருக்கும் பெரியவர் பக்கவாட்டில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரோ பெற்ற பிள்ளை மாதிரி ஸ்கூட்டியைத் துடைக்கத் தொடங்கினேன்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. சமையல்காரர் மறுபடி உலை வைத்தார். வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் அண்ணன் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பந்தி பாதி முடிந்த நேரம், சலவைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் படியேறத் தயங்கி நின்றார். கானாடுகாத்தான் காவல்காரர்.

“வீட்டைக் கூப்பிட்டீக” என்றார். “வீட்டுல நான் ஒருத்தன்தேன் இருக்கேன். அதான் வந்தேன்.”

அத்தனை பேரையும் உட்கார்ந்தபடி வரவேற்ற அண்ணன் என் தோளைப் பிடித்தார். நான் வேண்டாம் என்பதற்குள், தம் முழு பாரத்தையும் என்மேல் போட்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்று, “உள்ள வாங்கய்யா” என்று கும்பிட்டார்.

இரண்டு நாள் எனக்குத் தோள் வலி. மூன்றாம் நாள் அது போனபோது, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.