தொண்ணூத்திமூணு இல்லாமல் ஜீப் நகராது

பெட்ரோலை மோந்து பார்த்தே அது எந்த பங்க்கில் பிடித்தது, லோடு இறங்கி எத்தனை நாள் ஆயிற்று, பங்க் முதலாளி யோக்கியனா அயோக்கியனா என்று சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் தாலுகா ஆபீஸ் ஜீப் டிரைவர்தான். இதை நானாகச் சொல்லவில்லை. அவரே சொல்லியிருக்கிறார்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை எழுதியவன் நான். இருந்தும் இப்போது ஞாபகம் வரவில்லை. ஊருக்கே அவர் 'தொண்ணூத்திமூணு'தான். புதிதாக வந்தவர்கள் அது அவர் வயது என்று நினைத்து, இந்தத் தள்ளாத காலத்திலும் ஜீப் ஓட்டுகிறாரே என்று கும்பிட்டுவிட்டுப் போனதுண்டு.

விஷயம் இதுதான். அந்த நாளில் பெட்ரோலில் இரண்டு ரகம். ஒன்று சாதா. மற்றது ஆக்டேன் தொண்ணூற்று மூன்று என்கிற உசத்தி. சாதா எல்லா ஊரிலும் கிடைக்கும். உசத்தி வேண்டுமானால் எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் போகவேண்டும். ஆபீஸ் ஜீப்புக்கு சாதா என்பது சர்க்கார் உத்தரவு. நம்மவரோ சர்க்காரைவிட ஜீப்பை அதிகம் மதித்தவர். தஞ்சாவூருக்கு ஒரு கடுதாசி கொண்டுபோக வேண்டும் என்றால் கூடக் கிளம்பிவிடுவார். டாங்கிலும் இரண்டு கேனிலும் உசத்தியை நிரப்பி, விலை வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, மாப்பிள்ளை அழைத்து வருகிற மாதிரி வருவார்.

தஞ்சாவூர் போக வாய்ப்பில்லாத நாட்களில் வேறு வழியில்லாமல் உள்ளூரில் சாதா பிடிப்பார். அன்றைக்கு பங்க்கில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ஊரில் மூன்று பங்க் இருந்தன. ஒன்று ஆளுங்கட்சிக்காரருடையது, ஒன்று எதிர்க்கட்சிக்காரருடையது, மூன்றாவது முதலாளி தேர்தல் முடிவு தெரிகிறவரை எந்தக் கட்சி என்று சொல்லமாட்டார். ஊர்க்காரர்கள் கட்சி பார்த்து பெட்ரோல் போட்டார்கள். இவர் மட்டும் காகிதம் பார்த்துப் போட்டார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி அதில் நாலு சொட்டு விடச்சொல்வார். காற்றில் ஆறியதும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். தாள் பளிச்சென்று இருந்தால் நல்ல சரக்கு. எண்ணெய்த் தடம் இருந்தால் மண்ணெண்ணெய் கலந்தது. லோடு இறங்கிய அன்றைக்கு எந்த பங்க்கிலும் போடமாட்டார். "ஆத்துல புதுத்தண்ணி வந்த அன்னிக்கே மொண்டு குடிப்பீங்களா? கலங்கல் அடங்க வேணாமா?" என்று கேட்பார். வெயில் ஏறிவிட்டால் பெட்ரோல் உப்பிப்போகும், அளவு ஏமாந்துவிடும் என்பதால், விடியற்காலையில் பங்க்குக்காரனைக் கதவு தட்டி எழுப்புவார்.

தாள் எங்கிருந்து வந்தது என்பது தணிக்கைக்காரர்கள் வந்தபோதுதான் தெரிந்தது. ஒரு வருடத்தில் அரை ரீம் வெள்ளைத்தாள் காணவில்லை. ஹெட் கிளார்க் என்னைச் சந்தேகப்பட்டு நான் கவிதை எழுதுகிறேனா என்று விசாரித்தார். கடைசியில் ஜீப் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டு கிடைத்தது. ஒவ்வொரு தாளிலும் சொட்டு விட்ட இடத்தைச் சுற்றி ஒரு பேனா வட்டம், பக்கத்தில் தேதி, பங்க், அபிப்பிராயம். 'பரவாயில்லை.' 'மோசம்.' 'இவன் உருப்பட மாட்டான்.' அவ்வளவு ஒழுங்கான ரிகார்டு அந்த ஆபீஸில் வேறு எந்த செக்‌ஷனிலும் கிடையாது என்று தணிக்கைக்காரரே ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு சோகம் உண்டு. கும்பகோணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நம்மவர் பிரசங்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, இந்த ஜீப் இன்ஜினுக்கு அழுத்தம் குறைவு, இதற்கு சாதாவே தாராளம், உசத்தி போடுவது எருமைக்குப் பன்னீர் தெளிக்கிற கதை என்று சொல்லிவிட்டார். தொண்ணூத்திமூணு பதில் பேசவில்லை. அந்த மெக்கானிக்கோடு மட்டுமல்ல, கும்பகோணத்தோடேயே ஒரு வருஷம் பேசவில்லை. மகாமகக் குளத்தைத் தாண்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஓட்டினார்.

இப்போது அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் அறுவடை என்றால் அரிவாளுக்கு முன்னால் போலீஸ் லாரி வந்துவிடும். சம்பா முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. அறுப்புக் கூலியில் கலத்துக்கு ஒரு படி நெல் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்றது விவசாயத் தொழிலாளர் சங்கம். ஒரு மணிகூட கூட்டமாட்டோம் என்றார்கள் மிராசுதார்கள். நாள் குறித்து வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுக்கப்போவதாக ஏற்பாடு. உள்ளூர் ஆட்கள் வரப்பில் நின்று மறிப்பதாக ஏற்பாடு. இரண்டு ஏற்பாடும் நடந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தெந்த வீட்டில் தாலி போகும் என்பதுதான் தெரியாது.

அதற்கு முந்தின நாளில் கலெக்டர் தஞ்சாவூரில் கடைசிப் பேச்சுவார்த்தை வைத்தார். போன இரண்டு தடவையும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வராமல் இருந்ததால், இரண்டு தரப்பையும் தாசில்தாரே ஜீப்பில் அழைத்துவர வேண்டும் என்று உத்தரவு. முன் சீட்டில் தாசில்தார். பின்னால் ஒரு ஓரம் மிராசுதார்களின் தலைவர், எல்லோரும் பெரியபண்ணை என்பார்கள். மறு ஓரம் சங்கத்துத் தலைவர், அவர் தோழர். நடுவில் ஃபைல் கட்டோடு நான். இரண்டு பேர் தோளும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதற்காகவே சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

முந்தின நாள் மேலிடத்திலிருந்து சிக்கன உத்தரவு ஒன்று வந்திருந்ததால், தாசில்தாரே பக்கத்தில் நின்று உள்ளூர் சாதாவை நிரப்பச் செய்திருந்தார். அதுவும் அன்றைக்கு இறங்கிய லோடு. தொண்ணூத்திமூணு இழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வண்டி ஓட்டினார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, தாண்டி நாலு மைல் போனதும் ஓரம் கட்டினார்.

"இன்ஜின் தட்டுது," என்றார்.

எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தாசில்தார் அதட்டினார். பெரியபண்ணை அதட்டினார். தோழரும் அதட்டினார். நம்மவர் ஜீப்புக்கு அடியில் படுத்து, டாங்கிலிருந்த பெட்ரோல் முழுவதையும் தகர டின்னில் வடித்துவிட்டார். பிறகு எழுந்து, "இன்ஜினைக் கொன்னு வண்டி ஓட்டுற பாவத்த என்னால பண்ண முடியாதுங்க. தஞ்சாவூர் போயி நல்லதா வாங்கியாந்துடறேன்," என்று சொல்லி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேனோடு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டார்.

நாங்களும் பஸ் ஏறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரியபண்ணை பஸ்ஸில் ஏறமாட்டார், அது குடும்பத்தில் வழக்கமில்லை. அவர் வராமல் தோழர் போய் யாரோடு பேசுவது? இரண்டு பேரும் வராமல் தாசில்தார் போய் கலெக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆக நாலு பேரும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தோம். சுற்றிலும் விளைந்த கதிர். காற்று அடிக்கும்போதெல்லாம் மணி உதிர்கிற சத்தம் கேட்டது. பெரியபண்ணையும் கேட்டார், தோழரும் கேட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெரியபண்ணைக்குப் பொறுக்கவில்லை. "எழுதுய்யா. இந்தப் பயல டிஸ்மிஸ் பண்ணணும்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்," என்றார்.

நானும் ஒரு கையெழுத்துப் போடுவேன் என்று தோழர் சொன்னதும் தாசில்தார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆனால் தோழருக்கு உடனே கொள்கை நினைவுக்கு வந்துவிட்டது. "டிஸ்மிஸ் கூடாது. தொழிலாளி வேலைய பறிக்கச் சொல்லி நான் எழுத முடியாது. சஸ்பெண்டுன்னு வேணா போடுங்க."

பெரியபண்ணை ஆறு மாதம் என்றார். தோழர் மூன்று நாள் என்றார். அவர் மூன்று மாதத்துக்கு இறங்கினார். இவர் நாலு நாளுக்கு ஏறினார். நான் எழுதி எழுதி அடித்தேன். ஒரு மாதம், ஐந்து நாள். பதினைந்து நாள், ஆறு நாள். கடைசியில் ஒரு வாரம் என்று முடிந்தது. 'இரு தரப்பாரும் ஒருமனதாக' என்று எழுதி நீட்டினேன். இரண்டு பேரும் என் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் தாலுகாவில் அந்த இரண்டு கையெழுத்தும் ஒரே தாளில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

தாசில்தார் ஆள் சாமானியமில்லை. என்னிடமிருந்து இன்னொரு தாளை உருவி, தன் கையாலேயே 'அறுப்புக் கூலி' என்று மேலே எழுதி, நடுவில் வைத்தார். "சூட்டோட சூடா இதையும் பேசிடுங்களேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெரியபண்ணை வயலைப் பார்த்துக்கொண்டே, "கால் படி," என்றார். தோழரும் வயலைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். முக்காலாவது இல்லாம ஜனங்க மூஞ்சில முழிக்க முடியாது பண்ணை," என்றார். கலெக்டர் ஆபீஸாக இருந்தால் இதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரப் பிரசங்கம் இருந்திருக்கும். மதகில் கேட்பதற்கு ஆள் இல்லை. காற்று இன்னொரு தரம் அடித்து மணி உதிர்ந்தது. "முக்கால்," என்றார் பெரியபண்ணை.

தொண்ணூத்திமூணு கேனோடு வந்து இறங்கியபோது மூன்று பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் கலெக்டர் கோபிக்க வாய் திறந்தார், தாளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். மறுநாள் உள்ளூர் ஆட்களே வயலில் இறங்கினார்கள். போலீஸ் லாரி சும்மா வந்து சும்மா திரும்பியது.

முதல் தாளையும் விடமுடியாது, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட மனு ஆயிற்றே. ஒரு வாரம் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். மாற்று டிரைவர் ஒருவர் வந்து, எந்த பங்க் கண்ணில் பட்டதோ அதில் சாதாவை ஊற்றி ஓட்டினார். அறுவடை நடக்கிற அத்தனை கிராமத்துக்கும் போய்வந்தோம். சொல்வதற்கே மனசு கஷ்டப்படுகிறது. ஜீப் வெண்ணெயாக ஓடியது. ஒரு தட்டல் இல்லை, ஒரு மூச்சிரைப்பு இல்லை.

எட்டாம் நாள் காலை தொண்ணூத்திமூணு வந்தார். கூலி ஒப்பந்தத்துக்கு நகல் வாங்குவதற்காகப் பெரியபண்ணையும் தோழரும் அன்று ஆபீஸில் இருந்தார்கள். அவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். நேரே என் மேஜைக்கு வந்து, "வண்டி எப்படித் தம்பி ஓடிச்சு?" என்று கேட்டார்.

நான் ஃபைலைப் புரட்டினேன். பெரியபண்ணைதான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "என்னத்த ஓடிச்சு. ஒரே தட்டல்."

"மேட்டுல இழுக்கவே இல்ல," என்றார் தோழர். இருபது மைல் சுற்றளவில் மேடு என்று சொல்ல ரயில்வே லைன் தவிர எதுவும் கிடையாது.

உள்ளேயிருந்து தாசில்தார் எட்டிப்பார்த்து, நடு ரோட்டில் இரண்டு தரம் நின்றுபோனதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தொண்ணூத்திமூணு கடைசியாக என்னைப் பார்த்தார். மற்றவர்கள் சொன்னதெல்லாம் அவருக்குப் போதவில்லை. நானும் சொல்லவேண்டும் போலிருந்தது.

"நீங்க இல்லாம அது வண்டியாவே இல்லண்ணே," என்றேன். அது மட்டும் பொய் இல்லை.