ஒரே பேஸ்

"அப்பா, இப்பவும் சிவப்புத்தான்," என்று பின்னறையிலிருந்து சுபோதினி குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் கவலையே இல்லாததை வரதராசா கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. பதினொரு மணிக்கு மெல்பேர்னில் இருக்கும் மாப்பிள்ளையின் தாய் வீடியோவில் பெண் பார்க்கப் போகிறார். பெண் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஒரே நிபந்தனை. ஹோலில் கிழக்குப் பார்த்து இருத்தினால் முதுகுக்குப் பின்னால் கக்கூஸ் கதவு தெரியும். ஆகவே சுபோதினியின் அறைதான். ஆனால் வெள்ளவத்தையில் அந்தக் காலத்தில் கட்டிய வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. ஹோலில் இருக்கும் ரவுட்டரின் சிக்னலோ போன் டேட்டாவோ அந்த அறையை எட்டிப் பார்த்ததே இல்லை.

அதில் வரதராசாவுக்குப் பெருமை வேறு. "என்ர பிள்ளையின்ர அறையில இன்டர்நெட்டே இல்லை. ரெண்டு வருஷமா ஒரு நாள் கேட்டதில்லை. வேலையால வந்து கதவைச் சாத்தினா, புத்தகந்தான்" என்று கலியாணத் தரகரிடம் அளந்திருந்தார். அந்தப் பேச்சு மெல்பேர்ன் வரை போய், இப்படி ஒரு பிள்ளைதான் வேண்டும் என்று அந்த அம்மா ஒற்றைக் காலில் நின்றார். ஏற்கனவே இரண்டு சம்பந்தம் கைநழுவிவிட்டது. சுபோதினிக்கு இருபத்தொன்பது முடிகிறது. இதையும் விட்டால் என்ன செய்வது?

இதற்காகத்தான் நேற்று காலி வீதியில் தாஸிம் நானாவின் மின்சாதனக் கடைக்குப் போய் அந்த அடாப்டர் ஜோடியை வாங்கி வந்திருந்தார்.

"ஒண்ட ரவுட்டருக்குப் பக்கத்துல குத்துங்க, மத்தத மகள்ட ரூம்ல குத்துங்க. கரண்ட் வயருக்குள்ளால இன்டர்நெட் போகும். சரிவந்தா பச்ச லைட், இல்லாட்டி செவப்பு," என்று தாஸிம் நானா விளக்கினார். "ஒங்கட மேல்மாடி ராகுலன் தம்பியும் அவர்ட ரவுட்டருக்கு என்னட்டத்தான் ஒரு ஜோடி எடுத்த. ரெண்டு வருஷமா ஒரு கம்ப்ளெய்ன் இல்ல. ஒண்டு மட்டும் மறக்க வேணாம் சேர். ரெண்டும் ஒரே பேஸ்ல ஈக்கணும்."

வரதராசா தலையாட்டிவிட்டு வந்தார். தலையாட்டுவது அவருக்கு நன்றாக வரும்.

இப்போது சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. ஒரே பேஸ்! பேஸ் என்றால் முகம். ஹோல் பிளக் மேற்கைப் பார்க்கிறது. அறைப் பிளக் தெற்கைப் பார்க்கிறது. ஒன்றின் முகம் ஒரு பக்கம், மற்றதன் முகம் வேறு பக்கம். பிறகு எப்படிப் பேசிக்கொள்ளும்?

"அருந்ததி! எக்ஸ்டென்ஷன் வயர் ரெண்டையும் கொண்டாரும்!"

"என்னத்துக்கப்பா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டார்.

"ரெண்டுக்கும் முகம் ஒரு பக்கமா இருக்கோணுமாம். கிழக்கே வைப்பம். எல்லாத்துக்கும் நல்லது."

இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து ஹோலில் ஒன்றும் அறையில் ஒன்றுமாகப் போட்டு, அடாப்டர்களை எக்ஸ்டென்ஷன் வயரில் குத்தி, மணவறையில் மாப்பிள்ளை பெண்ணை இருத்துவதுபோல் கிழக்குப் பார்த்து இருத்தினார். லைட் சிவப்பாகவே இருந்தது.

"அலுமாரிக்குப் பின்னால ஒரு பிளக் கிடக்கெல்லோ? அது அசல் கிழக்கு. அலுமாரியைக் கொஞ்சம் தள்ளி அரக்குவம்."

சுபோதினி ஒரே பாய்ச்சலில் வந்து அலுமாரியில் சாய்ந்துகொண்டாள். "ஐயோ அப்பா, வேண்டாம்! கால் ஒண்டு ஆடுது. கண்ணாடி உடைஞ்சா இண்டைக்குச் சகுனப்பிழை."

சகுனம் என்றதும் வரதராசா கையை எடுத்துவிட்டார். எவ்வளவு பொறுப்பான பிள்ளை!

தாஸிம் நானாவுக்கு போன் எடுத்தார்.

"வயருக்குள்ள சத்தம் ஈந்தாலும் வேல செய்யாது சேர். பிரிஜ், பேன், கிரைண்டர் எல்லாம் ஓடுதா?"

வரதராசா பிரிஜ்ஜை நிற்பாட்டினார். பேனை நிற்பாட்டினார். வீடியோவில் காட்டவென்று அருந்ததி வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த உழுந்தையும் பாதியில் நிற்பாட்டினார்.

"வடையை வீடியோவில ஆர் சாப்பிடப்போகினம்?"

"காட்டவும் கூடாதோ?" என்றார் அருந்ததி. வியர்வையில் அவரது பவுடர் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

லைட் சிவப்பு. கதிரையை இன்னும் கொஞ்சம் கிழக்காகத் திருப்பினால் சரிவரும் என்று வரதராசா மேசையைத் தள்ள, மேசைக்கால் எக்ஸ்டென்ஷன் வயரின் மேல் ஏறியது. படார் என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போனது. இப்போது சிவப்பு லைட்டும் இல்லை.

மாடிப்படியில் தடதடவென்று யாரோ இறங்கினார்கள். மேல்மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் ராகுலன். இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. இருக்கும் இடம் தெரியாத பொடியன்.

"அங்கிள், என்ன நடந்தது? ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையே?" கேட்டது வரதராசாவை, பார்த்தது பின்னறைக் கதவை.

"ஒண்டுமில்லைத் தம்பி. இண்டைக்கு வீட்டில நல்ல விஷயம் ஒண்டு. மெல்பேர்னிலயிருந்து பொம்பிளை பார்க்கினம். நீர் மேல போய் உம்மட அலுவலைப் பாரும்."

ராகுலனின் முகம் ஏன் அப்படிக் கறுத்தது என்று யோசிக்க வரதராசாவுக்கு நேரமில்லை.

பத்தே முக்காலுக்குத் தாஸிம் நானாவே நேரில் வந்து சேர்ந்தார். கதிரைகளையும் கிழக்கையும் பார்த்துவிட்டு, முன்வாசல் மெயின் போர்டைத் திறந்து பார்த்தார்.

"சேர், பேஸ் எண்டா மூஞ்சி இல்ல. கரண்ட் பேஸ், கரண்ட் வார லைன். ஒங்கட வீட்டுக்கு மூணு பேஸ் வருது. ஹோல் ஒண்டுல ஓடுது. மகள்ட ரூம் வேறொண்டுல, மேல்மாடியோட சேந்து ஓடுது. வயர் மாத்தாம இது சரிவராது."

"மாத்துங்கோ நானா! இன்னும் பத்து நிமிஷந்தான் கிடக்கு!"

தாஸிம் நானா போர்டில் மெயின் சுவிட்சைப் போட்டார். கரண்ட் வந்தது. பிறகு உள்ளே போய்ப் பின்னறை அடாப்டரை முதலில் கழற்றிக்கொண்டு ஹோல் அடாப்டருக்கு வந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று வரதராசா பின்னறைக்கு ஓடினார். சுபோதினி சேலை கட்டி, கிழக்குப் பார்த்து, லப்டொப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அப்பா, வேலை செய்யாது. இன்னொரு நாளைக்கு..."

"தா இஞ்ச!" பறித்துத் திறந்து, லிங்கைத் தானே அழுத்தினார்.

திரை ஒருதரம் சுற்றியது. அடுத்த கணம் மெல்பேர்ன் அம்மா பளிச்சென்று தோன்றினார். மூக்குத்திக் கல் வரை எண்ணலாம்.

"வணக்கம்! எவ்வளவு கிளியரா இருக்கு!" என்றார் அந்த அம்மா.

வரதராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுபோதினி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன வெட்கம்!

"உங்களுக்காகத்தான் இண்டைக்கு லைன் இழுத்தனாங்கள் அம்மா," என்றார் வரதராசா. "மற்றும்படி இந்த அறையில இன்டர்நெட் எண்டதே கிடையாது. பிள்ளை ரெண்டு வருஷமா..."

"தரகர் சொன்னவர். இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பிள்ளையோ!"

வாசலில் தாஸிம் நானா வந்து நின்றார். ஒரு கையில் ஒரு அடாப்டர், மறுகையில் மற்றது.

"பெரிய உபகாரம் நானா! அருமையா வேலை செய்யுது!" என்றார் வரதராசா.

தாஸிம் நானா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். திரையைப் பார்த்தார். அலுமாரிக்குப் பின்னாலிருந்து சுவரில் லேசாக விழுந்துகொண்டிருந்த பச்சை வெளிச்சத்தைப் பார்த்தார். கடைசியாகத் தலையை நிமிர்த்தி மேல்மாடியைப் பார்த்தார்.

"ஒத்த ரூம்ல ஈக்கிற ராகுலன் தம்பிக்கு என்னத்துக்கு ஜோடி எண்டு ரெண்டு வருஷமா யோசிச்ச சேர், இண்டைக்குத்தான் வெளங்கிச்சு!"