மைக்கின் முன்பக்கம் எது?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் அத்தானும் நானும் சுகம். உன் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டால் உன் மனைவி இதற்குள் எனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். உன் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய மைக் உடையாமல் வந்து சேர்ந்தது. "பிரிச்சுப் பாத்துட்டு மொதல்ல என்ன தோணுச்சுன்னு எழுதுக்கா" என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்: அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடு.

குறை உன்னிடம் இல்லை. மைக்கிடமும் இல்லை. கல்லூரி விழாக்களில் முதல்வர் தட்டித் தட்டி "கேக்குதா" என்று கேட்பாரே, அந்த மாதிரி ஒன்றைத்தான் எதிர்பார்த்திருந்தேன். பெட்டியைத் திறந்தால், பஞ்சுக்குள் அறுவை சிகிச்சைக் கருவி மாதிரி படுத்திருந்தது. கையில் எடுத்தால் கனம். அதைத் தொங்கவிட ரப்பர் கயிறு கட்டிய ஒரு தொட்டில். எதிரே வைக்க, மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டிய ஒரு வளையம். பேசும்போது வாய்க்காற்று மோதாமல் இருக்க, எச்சில் தெறிக்காமல் இருக்க என்று நீ தொலைபேசியில் விளக்கினாய். இத்தனை வருடம் தாவரவியல் நடத்தியிருக்கிறேன், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வசதி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இது எதற்காக என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் எனக்கே தெளிவாகும். கல்லூரியில் எங்கள் துறையை மூடிவிட்டார்கள். மீதமிருப்பது நான் எழுதிய ஒரே புத்தகம், சுவர் விரிசல்களில் முளைக்கும் செடிகளைப் பற்றியது. அதை ஒலிநூலாகக் கொண்டுவர ஒரு நிறுவனம் கேட்டது. என் குரல் தேறினால் நானே வாசிக்கலாம். தேறாவிட்டால் அவர்களே ஒரு நடிகரை வைத்து வாசிக்க வைப்பார்கள். நடிகர் யார் என்று விசாரித்தேன். தொலைக்காட்சித் தொடர்களில் அப்பாவாக வந்து மாதம் ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவராம். காரை பெயர்ந்த சுவரில் ஒரு செடி வேர் விடுவதை அவர் எந்தக் குரலில் சொல்வார் என்று யோசித்தேன். அதன் பிறகுதான் உன்னிடம் மைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குள் மாதிரிப் பதிவை அனுப்ப வேண்டும் என்று கெடு.

முதல் நாள் அது எதையுமே கேட்கவில்லை. கெஞ்சாத குறையாகப் பேசிப் பார்த்தேன். இந்த வகை மைக்குக்குக் கம்பி வழியாகவே மின்சாரம் போக வேண்டும், அதற்குக் கூட வந்த சின்னப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை நீ சொல்லியிருந்தாயாம். "சொன்னேனேக்கா, சிவப்பு லைட் எரியணும்னு" என்றாய். சொல்லியிருப்பாய். பொத்தானை அழுத்திய பிறகு அது கேட்கத் தொடங்கியது, அதுதான் தொல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நான் இத்தனை வருடம் குடியிருந்த வீடு இதுதானா என்று சந்தேகமாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி முனகுகிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை உச்சுக்கொட்டுகிறது. சுவர்க் கடிகாரம் செருப்புப் போட்டு நடக்கிறது. என் நாற்காலி, என் முழங்கால், என் வயிறு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கருத்து இருக்கிறது. நம் காது இதையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, வேண்டியதை மட்டும் உள்ளே அனுப்புகிறது. அதனால்தான் நம்மால் நிம்மதியாக ஒரு வீட்டில் இருக்க முடிகிறது. மைக்குக்கு அந்த நாசூக்கு இல்லை. முக்கியமானது எது, இல்லாதது எது என்று அது யாருக்காகவும் தீர்மானிப்பதில்லை. படித்த காலத்தில் என் ஆசிரியர்கள் என்னிடம் எதிர்பார்த்தது இந்தக் குணத்தைத்தான். பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது அவ்வளவு விரும்பத்தக்கதாகத் தெரியவில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினேன். திரும்பச் செருக மறந்தேன், பால் திரிந்தது. கடிகாரத்தை இறக்கித் தலையணைகளுக்கு நடுவில் புதைத்தேன். உன் அத்தான் அதைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினார். பிறகு நீ சொன்னபடி துணி அலமாரிக்குள் போய் நின்று வாசித்தேன், துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்றாயே. விழுங்கியது உண்மைதான். ஆனால் மாடி வீட்டம்மா வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கதவு திறந்திருந்ததால் நேராக உள்ளே வந்துவிட்டார். அலமாரிக்குள்ளிருந்து, தலையில் ஹெட்போனோடும் தோளில் ஒரு சேலையோடும் நான் வெளியே வந்தேன்.

"என்னங்க, வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க, படிச்சிட்டு இருக்கேன்."

"அலமாரிக்குள்ளயா?"

"அங்கதான் சத்தம் இல்ல."

அவர் ஏணியைச் சுவரில் சாத்தினார். வாசல் வரை போய்த் திரும்பி, "எதுவா இருந்தாலும் மனசுல வச்சுக்காதீங்க, மேல வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் படிக்கட்டில் உன் அத்தானைப் பார்த்தால் அவர் வணக்கம் சொல்வதில்லை.

அதனால் என் படிப்பறை மேசைக்கே வந்தேன். இங்கேதான் தவறு நடந்தது. அதைத் தவறு என்று இப்போதும் முழு மனதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. மைக்கின் ஒரு பக்கத்தில் அதைச் செய்தவர்களின் முத்திரை இருக்கிறது. மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. என் மேசையில் துறைத்தலைவர் என்று எழுதிய பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது, துறையை மூடிய அன்று கையோடு கொடுத்தனுப்பினார்கள். பெயர்ப்பலகையை எப்படி வைப்போம்? எழுத்து வருகிறவரைப் பார்த்து இருக்கும், நாம் அதன் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருப்போம். நான் மைக்கையும் அப்படியே பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், முத்திரை எதிர் நாற்காலியைப் பார்க்கும்படி நிறுத்தி, வளையத்தை என் பக்கம் வைத்தேன். முத்திரை உள்ள பக்கம்தான் அதன் காது, அதன் முதுகுப்பக்கம் பேசுவதை அது வேண்டுமென்றே தள்ளிவைக்கும் என்பதை நீ சொல்லவில்லை. இதை நீ நிச்சயமாகச் சொல்லவில்லை.

எதிர் நாற்காலியில் உன் அத்தான். காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வரும் கோரிக்கைகளைப் பரிசீலித்து மறுக்கிற பிரிவிலேயே ஓய்வுபெறும்வரை இருந்தவர். யார் என்ன சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். "சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும்" என்று வந்து உட்கார்ந்தார். செய்தித்தாளைப் புரட்டக்கூடாது, இருமக்கூடாது என்று சொல்லி ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தேன். அவர் மேசையில் முழங்கைகளை ஊன்றி, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, அதைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன். இடையிடையே அவர் உதடு அசைந்தது. மிட்டாய் என்று நினைத்தேன்.

அவர் என் புத்தகத்தைப் படித்ததில்லை என்பது என் எண்ணம். அதற்கு ஆதாரமும் இருந்தது. படுக்கையறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அவர் கொடுக்கும் முட்டு என் புத்தகம்தான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் ஒரு கௌரவம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசித்து முடித்தபோது கெடு நெருங்கிவிட்டது. என் குரலை நானே கேட்பதில் எனக்கு விருப்பமில்லை, அதனால் முதலில் அனுப்பினேன். பிறகுதான் மனம் கேட்காமல் ஹெட்போனை மாட்டினேன்.

கிணற்றடியிலிருந்து ஒரு பெண் பேசுகிறாள். அது நான். அதற்கு முன்னால், காதுக்குள்ளேயே வாயை வைத்தது போல, ஒரு ஆண் குரல் கிசுகிசுக்கிறது. முதலில் பக்கத்து வீட்டு வானொலி என்று நினைத்தேன். பிறகு கவனித்தால், அந்தக் குரல் சொல்வது என் வாக்கியங்கள். என்னைத் தொடர்ந்து சொல்லவில்லை. எனக்கு அரை மூச்சு முன்னால் சொல்கிறது. "மழை விட்ட பிறகு சுவரின் நிழல் முகத்தில் முதலில் தெரிவது..." என்று நான் ஆரம்பிக்கும்போதே அது "சாம்பல் பச்சை" என்று போய்க் காத்திருக்கிறது. நான் அவசரத்தில் "சாம்பல்" என்று மட்டும் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். ஒரு சின்ன இடைவெளி. பிறகு அந்தக் குரல், பரீட்சை அறையில் தோழிக்கு விடை சொல்கிற மாதிரி, "பச்சை... பச்சை..." என்கிறது. நான் காதில் வாங்காமல் போய்க்கொண்டே இருக்கிறேன். ஒரு பெருமூச்சு, மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

ஹாலுக்குப் போனேன். உன் அத்தான் செய்தித்தாளோடு இருந்தார்.

"என் புத்தகத்தப் படிச்சிருக்கீங்களா?"

"எந்தப் புத்தகம்?"

"நான் எழுதினதே ஒண்ணுதான்."

"பொரட்டியிருப்பேன்."

"பொரட்டினவருக்கு வரி வரியா மனப்பாடம் ஆகுமா?"

"யாருக்கு மனப்பாடம்? ஆதாரம் இருக்கா?"

ஹெட்போனைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம், "யாரு இது? நல்ல குரலா இருக்கே" என்றார்.

"நீங்கதான்."

மறுபடி கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் கம்பியை நேராக்கத் தொடங்கினார். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

"அப்ப அந்த ஜன்னல் முட்டு?"

"ஜன்னல் கிட்டதான வெளிச்சம். அங்க உக்காந்துதான் படிப்பேன். எந்திரிக்கும்போது அங்கயே வச்சிட்டு வந்துருவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நல்லா இருக்குன்னா நீ நம்ப மாட்ட. எது நல்லா இருக்கு, எந்தப் பக்கம், ஏன் அப்படித் தோணுச்சுன்னு கேப்ப. பதில் சொல்ற அளவுக்கு வரட்டும்னு திரும்பத் திரும்பப் படிச்சேன். கடைசி அத்தியாயத்துல ஒரு இடம் இன்னும் பிடிபடல. அது முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"புத்தகம் வந்து எத்தனை வருஷம் ஆச்சு!"

"நீ பரீட்ச வைக்கிற ஆளாச்சே" என்றார்.

சமையலறைக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பு செருகியிருக்கிறதா என்று பார்த்தேன். செருகியிருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

எனவே தம்பி, என் அபிப்பிராயம் இதுதான். மைக் மிக நல்ல மைக். ஆனால் குடும்பம் நடக்கிற வீட்டுக்கு இவ்வளவு கூர்மையான காது ஆகாது. இருவர் ஒருவரைப் பற்றி ஒருவர் கொஞ்சம் தப்பாகவே நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஒழுங்காக இருந்திருக்கிறோம். ஒரே பிற்பகலில் இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அடுத்து என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. நேற்று முழுக்க அவர் செடிகளைப் பற்றியே பேசினார். அனுப்பிய பதிவு எந்த நிறுவனத்திலும் தேறாது. புத்தகத்தை நடிகரே வாசிக்கட்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டாலும் சரி என்று அவர்களுக்கு எழுதிவிடப் போகிறேன். நீ வந்து இதை எடுத்துக்கொண்டு போ. பஞ்சில் வைத்துப் பத்திரமாக மூடியிருக்கிறேன்.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உன் ஒலிப்பதிவுக்கூடம் நன்றாக நடக்கட்டும். அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். தன் குரல் எப்படி என்று தொழில் முறையில் உன்னிடம் கேட்டு எழுதவும் சொன்னார்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. தேர்வுக் குழுவினர் யாரோ எழுதியிருக்கிறார்கள்: குரல் தேறிவிட்டது, அதன் ஆழமும் நிதானமும் நூலுக்கு மிகப் பொருத்தம், வாசிப்பவர் சற்றே உரக்க வாசித்தால் போதும், ஆனால் பின்னணியில் தூரத்தில் ஒரு பெண்மணி அதே பகுதியைத் தப்பும் தவறுமாகப் படித்துக்கொண்டிருக்கிறார், பதிவு நடக்கும்போது அவரை வேறு அறையில் இருக்கச் சொல்ல இயலுமா?

என்னைக் கேட்காமல் உன் அத்தானே பதில் எழுதினார். அப்படியே தருகிறேன்: "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. மேற்படி ஆண் குரல் பதிவில் இடம்பெற்றது ஒரு விபத்து. தூரத்தில் கேட்பதாகத் தாங்கள் குறிப்பிடும் பெண்மணியே நூலாசிரியர். தூரத்துக்குக் காரணம் மைக் திரும்பியிருந்த திசை, அவர் அல்ல. பக்கத்தில் வைத்துக் கேட்டபின் முடிவு செய்யவும். அதுவரை, அவரை வேறு அறைக்கு அனுப்பும் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது." அவர் அலுவலகத்தில் எழுதிய நிராகரிப்புகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இதை மட்டும் இரண்டு முறை படித்தேன். அவர்கள் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. மைக்கை எடுக்க வர வேண்டாம். பஞ்சிலிருந்து வெளியே எடுத்து, முத்திரை என்னைப் பார்க்கும்படி வைத்தாயிற்று. நிறுவனத்துப் பதிவுக்கு அவர் ஹாலில் இருப்பார். அது முடிந்த பிறகு கடைசி அத்தியாயத்தைப் பற்றி அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ கேட்க வேண்டுமாம். இந்த மைக்கை முன்னும் பின்னும் ஒன்றாகக் கேட்கவைக்க ஒரு பொத்தான் உண்டு என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் எழுது.