உங்கள் மெத்தை தொடர்பாக

குருக்கள்மடம்,
சித்திரைக் கடைசி வெள்ளி.

அன்பும் மரியாதையும் மிக்க மருமகன் நிலோஜன் அவர்களுக்கு, மாமா பூபாலபிள்ளை எழுதிக்கொள்வது.

கண்ணகி அம்மன் காவலில் நீங்களும் மகள் விதுர்ஷாவும் பேத்தி தஸ்மிகாவும் கொழும்பில் சுகமாக இருப்பீர்கள். இங்கு நானும் உங்கள் மாமியும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன், விபரம் கீழே வருகிறது. இதை உங்கள் காரியாலய விலாசத்துக்கு அனுப்பியதைத் தவறாக எண்ண வேண்டாம். வட்ஸ்அப்பில் போட்டால் விதுர்ஷா பார்ப்பாள். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நீங்கள் எல்லோரும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். இது ஸ்பீக்கரில் போடக்கூடிய விடயம் அல்ல.

நிற்க. நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "மாமா, எங்கட அறைய வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டிட்டு, அம்மன் கோயில் சடங்குக்கு எங்கள வர வேணாமெண்டு சொன்னீங்களாம். விதுர்ஷா அழுதுக்கிட்டு இரிக்கிறா. அது அவட வீடு மாமா" என்று எழுதியிருந்தீர்கள். அது அவளுடைய வீடுதான். பெண்பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்து முறை, எழுதிக் கொடுத்தவனும் நான்தான். உங்கள் அறையின் படம் இணையத்தில் வந்திருப்பதும், அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பதும் உண்மை. ஆனால் காசு ஆசையில் மகளை வரவேண்டாம் என்று சொன்ன தகப்பன் என்று மட்டும் என்னை நினைத்துவிடாதீர்கள். நடந்தது வேறு. அது உங்கள் மெத்தையில் தொடங்கியது.

மாசி மாதம், மழை விட்டு வெயில் ஏறிய காலம், ஒரு நாள் காலையில் எழும்பியபோது என் படுக்கை நனைந்திருந்தது. முப்பது வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். எந்தக் குளத்தின் மதகுத் துருசை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்று இந்தப் பகுதி வயற்காரர் எல்லோருக்கும் சட்டம் சொன்னவன். ஆகவே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று முதலில் கூரையைத்தான் பார்த்தேன். உங்கள் மாமியிடமும் "கூரை ஒழுகுது" என்றே சொன்னேன். "மழையே இல்லையே" என்றாள். "பனி" என்றேன். "பனி ஒழுகுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாளும் பனி ஒழுகியது. இனிப் பக்கத்தில் படுப்பது சரியில்லை என்று, நான் குறட்டை விடுகிறேன் என்று நானே என்மேல் ஒரு குற்றத்தைச் சுமத்திக்கொண்டு உங்கள் அறைக்கு மாறினேன்.

உங்கள் கட்டிலில் கிடப்பது உங்கள் கலியாணத்துக்கு வாங்கிய ஸ்பிரிங் மெத்தை. அது வந்தபோது சுற்றியிருந்த பொலித்தீன் உறையைக் கழற்ற வேண்டாம் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. புது மாப்பிள்ளை பொலித்தீனில் படுப்பதா, ஊர் என்ன சொல்லும் என்று நான்தான், நீங்கள் வந்தாறுமூலைக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். பின்னேரம் வந்து பார்த்து உங்கள் முகம் கறுத்துப்போனது. மருமகன் சரியான கஞ்சன் என்று நாலு பேரிடம் சொன்னேன். நீங்கள் சொன்னபடி அந்த உறையை விட்டிருந்தால் இன்று இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது. முதல் வாரத்திலேயே மெத்தை கெட்டுவிட்டது. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். புது மெத்தை ஒன்று வாங்கித் தருவது என் பொறுப்பு.

கெட்ட பிறகாவது காப்பாற்றுவோம் என்று நெல் காயப்போடும் பிளாஸ்டிக் படங்கை மடித்துப் படுக்கைச் சீற்றுக்குக் கீழே விரித்தேன். படங்கு தண்ணீரைக் குடிக்காது என்பது சரி, ஆனால் ஓட விடும். தாழ்ந்த பக்கம் பார்த்து நிலத்துக்கு ஓடியது. ஓரத்தில் தலையணைகளை வரம்பு போலக் கட்டினேன். வரம்பு நன்றாக நின்றது, நடுவில் நான் கிடந்தேன். இதற்கிடையில் பக்கத்து வளவுக் கேதீஸ்வரி தன் நெல்லுக்குப் படங்கு கேட்டு வந்தாள். கிழிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். போகும் வழியில் அது வேலியில் கழுவிக் காய்வதைக் கண்டுவிட்டாள். இப்போது அவள் எங்களோடு பேசுவதில்லை. பிறகு, குளத்துக்கு வராவிட்டால் வாய்க்காலில் பாயாது என்ற திணைக்கள அறிவில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். இரண்டாம் நாள் கோயில் கூட்டத்தில் தலைசுற்றி விழுந்தேன். நல்ல மனிதர்கள் சேர்ந்து தூக்கிவைத்து இளநீருக்கு மேல் இளநீராகப் பருக்கினார்கள். அன்று ராவு நடந்ததை எழுதத் தேவையில்லை.

கடைசியில் மாற்றி மாற்றி விரிக்கச் சீற்றுத்தான் வேண்டும் என்று தெளிந்து காத்தான்குடிக்குப் போனேன். நளீரின் கடையில் வெள்ளையாகவே ஒரு கட்டு எடுத்தேன். நிறச் சீற்று வெளுத்துப் போகும், வெள்ளைக்குச் சலவைக் காரம் போட்டு அவிக்கலாம். நளீர் சாமானைக் கட்டிக்கொண்டே, "ஐயா, வெள்ளச் சீற் இவ்வளவு எதுக்கு? கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு போடுறீங்களா?" என்று கேட்டான். கடையில் பெண்கள் நின்றார்கள். "ஓம்" என்றேன். மருமகன், நான் சொன்னது அந்த ஒரு ஓம் மட்டும்தான். "மாஷா அல்லாஹ்" என்று அவன் சின்னச் சின்னச் சவர்க்காரமும் சும்மா தந்துவிட்டான். வாங்காமல் வரவும் முடியவில்லை. வெளியே ஓட்டோவில் இருந்த உதயரூபனுக்கும் அவனே கூப்பிட்டுச் சொன்னான். உதயரூபனிடம் ஒரு விடயத்தைச் சொன்னால் கல்முனை றோட்டு முழுக்கச் சொன்ன மாதிரி.

அதற்குப் பிறகு நாளாந்தம் எங்கள் கொடியில் வெள்ளைச் சீற்றுக் காய்ந்தது. றோட்டால் போகிறவர்கள், ஐயாவுக்கு யாவாரம் நல்லாப் போகுது என்று பேசிக்கொண்டார்களாம். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பங்குனியில் ஒரு பின்னேரம் உதயரூபன் ஒரு வெள்ளைக்காரனையும் மனைவியையும் கேற்றடியில் கொண்டுவந்து இறக்கினான். பாசிக்குடாவில் இருந்து அறுகம்பேக்குப் போகும் வழியில் அவர்களுடைய மோட்டார் சைக்கிள் பழுதாம். "ஐயா, கொடியில சீற் காயுது, அப்ப அறை ரெடிதான் எண்டு சொல்லிட்டன்" என்றான். விடுதி இல்லை என்று நான் சொல்லியிருந்தால், அப்ப இந்தச் சீற்றெல்லாம் ஆருட என்று கேட்டிருப்பான். ஆகவே வாங்கோ என்றேன். உள்ளே ஓடிப்போய் மெத்தையை மறுபக்கம் புரட்டிப் போட்டு, புதுச் சீற்று விரித்து, நளீர் தந்த சின்னச் சவர்க்காரத்தையும் தலையணையில் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் ஒரு ராவுக்கு வந்தவர்கள், மாமியின் புட்டையும் இறால் குழம்பையும் கண்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருத்திய பிறகும் போகவில்லை. நான் பின்னறைக்கு, உங்கள் மாமியின் பக்கத்துக்கு, திரும்ப வேண்டியதாயிற்று. விடியுமுன் எழும்பிக் கிணற்றடியில் என் சீற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளைக்காரன் பல் விளக்க வந்து பார்த்து, கைகூப்பிக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். அதைத்தான் அவன் இணையத்தில் எழுதியிருக்கிறான். இப்படிச் சுத்தமான இடம் இலங்கையிலேயே இல்லையாம், வயதான முதலாளி விடிய முன்னமே தன் கையால் சீற்றுத் துவைக்கிறாராம், ஆள் தங்காத அறைச் சீற்றைக் கூடத் துவைக்கிறாராம். நீங்கள் படித்தது அதுதான்.

அன்று வெள்ளைக்காரன் உள்ளே போனதும் மாமி கிணற்றடிக்கு வந்தாள். "விடுங்க, நான் அலசுறன்" என்றாள். நான் கூரை என்று தொடங்கினேன். "கூரையும் இல்ல, பனியும் இல்ல. எனக்கு முதல் நாளே தெரியும். கலியாணம் முடிச்ச நாளில இரிந்து ஒரு கோப்பை கழுவாத மனிசன் கிணத்தடியில சீற் கழுவினா ஆருக்கும் விளங்காதா? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன். மறுகா இந்த வெள்ளைக்காரன் வந்திட்டான்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. சவர்க்காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். அதையும் அவள் நம்பவில்லை.

அடுத்த கிழமையே என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் இர்ஷானா சின்ன வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று, "துருசில கொஞ்சம் கசிவு" என்றேன். அவருடைய வாப்பா ஓட்டமாவடிப் பக்கம் வட்டை விதானையாம், வயற்காரருக்கெல்லாம் தலைமை பார்க்கிறவர். அது எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்த்துவிட்டு, "துருசு நல்லாத்தான் இரிக்கு ஐயா. வாய்க்கால்தான் அடைச்சிருக்கு. சுரப்பி வீங்கினதால தண்ணி முழுக்க வடியிறல்ல. குளம் நிரம்பி வழிஞ்சு ராவில வான் பாயுது" என்றார். என் உத்தியோகக் காலத்தில் எந்தப் பொறியியலாளரும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. சீனியும் கிருமியும் பார்க்க ஒரு சோதனை எழுதினார், மாத்திரை தந்தார். "தண்ணி குடிக்கிறத நிப்பாட்டாதீங்க. பகல்ல நல்லாக் குடிங்க, பின்னேரத்துக்குப் பிறகு குறைங்க, ராத் தேத்தண்ணி வேணாம். படுக்க முன்னம் ஒருக்காப் போங்க, கொஞ்சம் இரிந்து திரும்பவும் போங்க. மெத்தைக்கு மேல றெக்சின், அதுக்கு மேல சீற், அதுக்கு மேல இன்னொரு றெக்சினும் சீற்றும் போட்டா, நனைஞ்சதும் மேல உள்ளத உரிச்சுப் போட்டிட்டு அப்பிடியே படுக்கலாம். ஆனா இத ஒளிச்சு வெக்காதீங்க ஐயா. ஒளிச்சு வெச்சா சிறுநீரகம் கெட்டுப் போகும்" என்றார். படங்கு போட்டதைச் சொன்னபோது மட்டும் மேசைக்குக் கீழே பேனையைத் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார்.

மாத்திரை வேலை செய்கிறது, ஆனால் எல்லா நாளும் அல்ல. வைகாசிச் சடங்கு வருகிறது. நீங்கள் வந்தால் தஸ்மிகா என் பாயில்தான் படுப்பாள். வேறு யாரோடும் படுக்க மாட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை காலையில் எழும்பித் தன் உடுப்பு நனைந்திருப்பதைப் பார்த்து, அது அம்மப்பாவின் வேலை என்று தெரிந்துகொண்டால் நான் எந்த முகத்தோடு அவளைத் தூக்குவேன். அதனால்தான் அறை புக்காகிவிட்டது, அடுத்த வருடம் வாருங்கள் என்று விதுர்ஷாவிடம் பொய் சொன்னேன். விதுர்ஷா கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டாள். அதை நான் தாங்கிக்கொண்டேன்.

ஆனால் நேற்றுத் தஸ்மிகா தாயின் தொலைபேசியை எடுத்துத் தானே எனக்கு அடித்தாள். "அம்மப்பா, போன முறை நான் உங்கட பாயில பேஞ்சதுக்கா வர வேணாமெண்டு சொன்னீங்க? நான் இப்ப பேயிறல்ல அம்மப்பா. எப்பயாவதுதான்" என்றாள். போன வருடம் அவள் பேய்ந்தபோது, மழை பேய்ந்து கூரை ஒழுகிவிட்டது என்று அவளும் நானும் கூட்டுச் சேர்ந்து மாமியிடம் சொல்லியிருந்தோம். அந்தப் பொய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். என் குற்றத்தைப் பிள்ளை தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ராவு முழுக்க நித்திரை இல்லை. நித்திரை இல்லாததால் சீற்று நனையவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆகவே மருமகன், சடங்குக்கு எல்லோரும் வாருங்கள். உங்கள் அறை உங்களுக்கே. பிள்ளையை இந்த முறை மாமியோடு படுக்கச் சொல்லுங்கள், காரணம் ஏதாவது நீங்களே யோசித்து வையுங்கள். விதுர்ஷாவுக்கு இது தெரிய வேண்டாம். மெத்தை விடயத்தில் எனக்குத் தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அம்மன் உங்கள் குடும்பத்தை நோய்நொடி இல்லாமல், காய்ந்த படுக்கையில் வைத்திருக்க வேண்டுகிறேன். பேத்திக்கு என் முத்தம். மகளுக்கு என் ஆசி, ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
உங்கள் மெத்தையைக் கெடுத்த மாமா,
க. பூபாலபிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு விடயம். வெள்ளைக்காரர் வந்த அன்று மெத்தையைப் புரட்டிப் போட்டேன் என்று எழுதினேன் அல்லவா. மறுபக்கத்தில் ஏற்கெனவே ஒரு கறை இருந்தது. பழையது, நன்றாகக் காய்ந்தது. தஸ்மிகாவுடையதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அவள் தொட்டிலில் கிடந்தாள், பிறகு என் பாயில் படுத்தாள், அந்தக் கட்டிலில் ஒரு நாளும் படுத்ததில்லை. தவிரவும் சின்னப் பிள்ளையின் தண்ணீர் அவ்வளவு தூரம் பாயாது. தண்ணீர் நின்று வற்றிய கரை பார்ப்பதில் எனக்கு முப்பது வருடப் பழக்கம். விதுர்ஷா சிறு வயதில் இருந்தே சுவர்ப் பக்கம்தான் படுப்பாள். கறை கதவுப் பக்கம். பொலித்தீனை வெட்டிய அன்று உங்கள் முகம் ஏன் கறுத்தது என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. உங்களைக் கஞ்சன் என்று சொன்ன நாலு பேரிடமும் போய் அது தவறு என்று சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. ஆகவே புது மெத்தை வாங்கவில்லை. பிள்ளை என்னோடேயே படுக்கட்டும். அவளுக்கு இது இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று நானே சொல்கிறேன். றெக்சினைச் சுருளாகவே வாங்கி வைத்திருக்கிறேன். வெட்டினால் மூன்று பேருக்கும் காணும்.