மஞ்சள் பூசிய எம்.ஏ. பட்டம்

'மனிதன் அழிவான்; அவன் பெற்ற பட்டம் அழியாது' என்று அந்தப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் வாசலில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. உள்ளே, காப்பாளர் ரங்கராஜின் கையில் ஒரு பட்டம் அழிந்துகொண்டிருந்தது.

சூலூர் விசைத்தறி அதிபர் லட்சுமணசாமியின் எம்.ஏ. பட்டம் அது, ஆங்கில இலக்கியம். காப்பகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்; அதைக் காட்சிக்கு வைக்கும் விழாவுக்கு அவரே கிளம்பி வந்துகொண்டிருந்தார். விழா நல்லபடியாக முடிந்தால் ரங்கராஜின் ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்குவதாகத் துணைவேந்தர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தறிகளோடு சேர்த்துப் பட்டத்துக்கும் பொட்டு வைத்ததில், பெயர் மேலேயே மஞ்சள் அப்பியிருந்தது. ரங்கராஜ் சோப்புத் துணியால் லேசாகத்தான் துடைத்தார். மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"ஏனுங்க சார், கொலை கிலை நடந்துபோச்சுங்களா?" என்றாள் உதவியாளர் இஸ்மத்.

"சிரிக்காத அம்மணி. வழியச் சொல்லு."

"எலுமிச்சம்பழம் தேச்சா பழையபடி மஞ்சளாயிருமுங்க."

ஆயிற்று. மஞ்சள் திரும்பி வந்தது, பெயர் எழுதியிருந்த மையோ அழிந்துபோய்விட்டது. ஈரமாவது காயட்டும் என்று விடுதியில் இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டியை வைத்தார். தங்கப்பதக்கம் என்றிருந்த இடத்தில் முக்கோணமாகக் கருகியது.

"இப்பத் தோசை வாசம் வருதுங்க சார்."

வாசலில் கார் வந்து நின்றது. பணி நிரந்தரத்துக்காகச் சரிபார்க்கக் கொண்டுவந்திருந்த ரங்கராஜின் சொந்த நூலகப் பட்டம் மேஜைமேல் கிடந்தது. அதே பல்கலைக்கழகம், அதே முத்திரை. எடுத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் சொருகி மாட்டிவிட்டார்.

"சார், உங்க பேரு கொட்டை எழுத்துல இருக்குதுங்க!"

"தெரியுது கண்ணு. சும்மா இரு."

மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்தன. துணைவேந்தர் பட்டத்துக்கு முதுகைக் காட்டி, கேமராவுக்கு முகத்தைக் காட்டினார். மற்ற பேராசிரியர்களும் அப்படியே.

"ஐயா, மாணவச் செல்வங்களுக்காக உங்க பட்டத்தை நீங்களே வாசிச்சுக் காட்டோணுங்க" என்றார் துணைவேந்தர்.

லட்சுமணசாமி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாக விரலை நகர்த்தினார். விரல் ரங்கராஜின் பெயர்மேல் வந்து நின்றது.

"லட்சுமணசாமி. எம்.ஏ., இங்கிலீஷ் லிட்ரேச்சர். கோல்டு மெடல்" என்றார் கம்பீரமாக.

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. ரங்கராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் போண்டாவுக்கு நகர்ந்ததும், லட்சுமணசாமியின் மருமகள் லோகப்பிரியாவிடம் ஓடினார்.

"மன்னிச்சுப்போடுங்க அம்மணி. ஐயாவோட பட்டத்தை நாந்தான் நாசம் பண்ணிப்போட்டேன். அங்க மாட்டியிருக்கறது என்னோடதுங்க. என் பேரைப் பார்த்தும் காட்டிக்குடுக்காம என் பொழப்பக் காப்பாத்துனாரே! அவரு மனுசனே இல்லீங்க, சாமிங்க!"

லோகப்பிரியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. மாமாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க."